ஐம்பது நிமிட நாடகமும் மீதி நாளும்

நீங்கள் கேட்டது இது: கல்லூரியில் நாடகம் நடித்திருக்கிறீர்கள். பள்ளி பள்ளியாகப் போய்க் குழந்தைகளுக்கு நாடகம் போடும் ஒரு குழு, ஜூலையில் தொடங்கும் ஆறு மாதப் பயணத்துக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கிறது. ஒரு வேன், எட்டுப் பேர், ஒரு நாளைக்கு இரண்டு ஷோ. அந்த வாழ்க்கை எப்படி இருக்கும், உடம்பு தாங்குமா, ஒரு பெண்ணாகப் போவதில் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

நான் தமிழ்நாட்டுக்குள் இப்படிப் பதினோரு வருடம் சுற்றியிருக்கிறேன். முதலில் நடிகனாக, அப்புறம் பயணத்தை ஏற்பாடு செய்கிறவனாக. போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நடிக்கப் போகிறோம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நடிப்பு காலையில் ஐம்பது நிமிடம், மத்தியானம் ஐம்பது நிமிடம். மீதி நாள் முழுக்க அந்த ஐம்பது நிமிடம் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிற வேலை.

ஒன்பதரை மணி ஷோ என்றால் எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் வேன் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் எச்.எம். வந்திருக்க மாட்டார். வாட்ச்மேன் இருப்பார், இல்லையென்றால் சமையல் கூடத்தில் ஒரு அம்மா இருப்பார். நான் முதலில் பேசுவது அந்த அம்மாவிடம்தான். குழாயில் எத்தனை மணி வரைக்கும் தண்ணீர் வரும், மைதானத்தில் எந்த மூலையில் கண்ணாடிச் சில்லு கிடக்கும், எந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் மரம் பார்ப்போம். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் அரங்கம் கிடையாது. ஒரு வேம்போ புங்கையோ தூங்குமூஞ்சி மரமோ இருக்கும், அதுதான் அரங்கம். நிழல் குழந்தைகளுக்கு, வெயில் நமக்கு. இதில் பேரமே கிடையாது. சூரியன் கண்ணில் அடித்தால் ஒரு குழந்தை பத்து நிமிடம் கூடப் பார்க்காது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காலை நிழல் மரத்துக்கு மேற்கே நீளமாக விழுந்து, நேரம் போகப் போக மரத்தை நோக்கிச் சுருங்கும். ஒன்பதரைக்கு நிழல் இருக்கிறதே என்று மேற்கு ஓரம் வரைக்கும் உட்கார வைத்தால், பத்து மணிக்குக் கடைசி நான்கு வரிசை வெயிலில் இருக்கும். நாடகம் முடியும்போது நிழல் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் இடம் குறிக்க வேண்டும். மத்தியானம் இதே கணக்கு கிழக்குப் பக்கம், ஆனால் அப்போது நிழல் வளர்ந்துகொண்டே போகும் என்பதால் சிரமமில்லை. நான் முதல் வருடம் இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் எத்தனையோ பிள்ளைகள் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டுதான் எங்களைப் பார்த்தார்கள்.

காற்று இன்னொரு விஷயம். ஜூலை, ஆகஸ்டில் தென்காசி, கம்பம் பக்கமெல்லாம் கணவாய் வழியாக வரும் காற்று சும்மா இருக்காது. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் நிற்பது காரணமில்லாமல் இல்லை. பத்துக்கு எட்டு அடியில் ஒரு படுதாவைக் கட்டினால் அது கப்பல் பாயாகிவிடும், மூங்கிலோடு குழந்தைகள் மேல் சாயும். அந்தப் பக்கம் போகும்போது நாங்கள் படுதாவை நீள நீளக் கீற்றுகளாகக் கிழித்துத் தொங்கவிட்டோம். காற்று ஊடே போய்விடும், பார்க்கவும் அழகாக இருக்கும். ரொம்ப அடித்தால் படுதாவே வேண்டாம், பள்ளிச் சுவர் போதும். பயணம் போகிற நாடகத்தில் ஒரு பொருள் இல்லாவிட்டாலும் கதை நடக்க வேண்டும். எங்கள் ப்ராப்பர்ட்டி, அதாவது நாடகத்துக்கு வேண்டிய பொருட்கள் மொத்தமும், மூன்று ட்ரங்குப் பெட்டிக்குள் அடங்கும். நான்காவது பெட்டி வந்தால் ஒரு ஆள் கால் நீட்ட முடியாது.

பார்வையாளர் எண்ணிக்கையில்தான் பள்ளிகளோடு மன்றாட வேண்டியிருக்கும். நீங்கள் இருநூற்றைம்பது பேர் போதும் என்பீர்கள். "பாவம் சார், எல்லாப் பிள்ளைகளும் பார்க்கட்டும்" என்று தொள்ளாயிரம் பேரைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். நல்ல மனதோடுதான் செய்வார்கள். ஆனால் இருநூற்றைம்பது பேர் என்றால் மைக் இல்லாமல் பேசலாம், குரல் வாயிலிருந்து வரும். அதைத் தாண்டினால் மைக் வேண்டும், குரல் ஒரு ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வரும், கடைசி வரிசைக் குழந்தை யார் பேசுகிறார்கள் என்று தேடிக்கொண்டிருக்கும். வேறு வழியில்லாத இடத்தில் நாங்கள் இன்னொரு ஷோ சேர்த்துப் போட்டிருக்கிறோம். மூன்று ஷோ போட்ட நாளில் ராத்திரி யாரும் பேச மாட்டார்கள், பேசக் குரல் இருக்காது.

ஆசிரியர்களிடம் ஷோவுக்கு முன்னால் கட்டாயம் பேச வேண்டிய ஒன்று உண்டு. நம் பள்ளிகளில் வெளியாள் வந்தால் பிள்ளைகளைக் கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து உட்காரச் சொல்வார்கள். அந்த நிலையில் ஒரு குழந்தையால் சிரிக்க முடியாது. "பிள்ளைகள் கத்துவார்கள், எழுந்து நிற்பார்கள், எங்களோடு பேசுவார்கள், அதுவும் நாடகம்தான். நீங்களும் தரையில் அவர்களோடு உட்காருங்கள்" என்று கேட்டுக்கொள்வேன். ஒரு டீச்சர் சேலையை ஒதுக்கிக்கொண்டு மூன்றாம் வகுப்புக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டால் அந்த வரிசையின் முகமே மாறிவிடும். பிரம்போடு பின்னால் நின்று "சத்தம் போடாதே" என்றால் அன்றைக்கு நாம் என்ன நடித்தாலும் எடுபடாது. இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்து பெல்கிரேட் தியேட்டர் 1965இல் நடிகர்களையே ஆசிரியர்களாகப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியபோது, குழந்தைகள் பார்ப்பதோடு நிற்காமல் கதைக்குள் வந்து பேச வேண்டும் என்பதுதான் அடிப்படையாக இருந்தது. நம் தேசிய நாடகப் பள்ளி 1989இல் குழந்தைகளுக்கென்று தனிக் குழு தொடங்கியதும் அந்த வழியில்தான். இங்கே புதுச்சேரியில் குழந்தைகள் நாடகக் கலைஞர் வேலு சரவணன் பல வருடங்களாக 'கடல் பூதம்' போன்ற நாடகங்களோடு பள்ளி பள்ளியாகப் போகிறார். அவர் நடிக்கும்போது நடிகரைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். இந்தத் தொழிலுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

முகமூடி பற்றி ஒரு வார்த்தை. எங்கள் நாடகத்தில் ஒரு அரக்கன் வருவான். முதல் வாரம் அவனைப் படுதாவுக்குப் பின்னாலிருந்து திடீரென்று வரவைத்தோம். ஐந்தாம் வகுப்பு கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அலறி, மூச்சு இழுத்து, டீச்சர் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அன்று ராத்திரியே மாற்றினோம். அரக்கனாக நடிக்கிற அண்ணன் சாதாரண முகத்தோடு வந்து, பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லி, முகமூடியைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்து, அவர்கள் எதிரிலேயே மாட்டிக்கொள்வார். பயம் அப்போதும் வரும். ஆனால் அந்தப் பயத்துக்குள் ஒரு கதவு திறந்திருக்கும். இன்னொன்று, ஒரு முகமூடியை இரண்டு பேர் போடாதீர்கள். எங்கள் வேனில் ஒருவருக்கு மெட்ராஸ் ஐ வந்து ஐந்து நாளில் ஆறு பேருக்குப் பரவியது இந்த ஒரு தவறால்தான்.

மாறாக, பொம்மையை நம்பிவிடும் பிள்ளைகளும் உண்டு. துணியில் செய்த ஒரு காக்கா எங்களிடம் இருந்தது. கதையில் அதற்கு மூன்று நாளாகச் சாப்பாடு கிடைக்காது. அறந்தாங்கிப் பக்கம் ஒரு பள்ளியில் காலை ஷோ முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்த நேரம். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வேன் பக்கத்தில் வந்து நின்றாள். சத்துணவில் போட்ட முட்டையின் மஞ்சள் கருவை உள்ளங்கையில் வைத்திருந்தாள். "காக்காவுக்கு" என்றாள். அந்த நேரத்தில் காக்கா பெட்டிக்குள் கோமாளித் தொப்பிக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அதை ஆட்டுகிற அக்கா உடனே பெட்டியைத் திறக்கவில்லை. "தூங்குது, எழுந்ததும் கொடுக்கிறேன்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு பழக்கம்: குழந்தைகள் கண் முன்னால் எந்தப் பொம்மையையும் பெட்டியில் திணிக்கக் கூடாது. அது தோளில் உட்கார்ந்து வேனுக்குப் போகும். ஜன்னலில் உட்கார்ந்து டாட்டா காட்டும். கேட்டைத் தாண்டிய பிறகுதான் பெட்டி.

உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். தாங்கும், ஆனால் கல்லூரி நாடகம் போல அல்ல. அங்கே ஒரு நாள் ஷோவுக்காக மூன்று நாள் தொண்டையைக் கிழித்துக்கொள்ளலாம். இங்கே வாரத்துக்குப் பத்து ஷோ. ராத்திரி பரோட்டா சால்னா வேண்டாம், எண்ணெயும் காரமும் காலையில் தொண்டையில் ஏறி நிற்கும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கூட்டமான இட்லிக் கடை எங்கே என்று பாருங்கள், அது போதும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர், சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு எங்கள் வேனில் எப்போதும் இருக்கும். ஐஸ் மோர்கூட ஷோ இல்லாத நாளில்தான். ஒப்பனைக்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவாமல் அரிதாரம் பூசாதீர்கள், இரண்டு வாரத்தில் முகம் வெடித்துவிடும். வெறுங்காலோடு நடிப்பதாக இருந்தால் பதினோரு மணிக்கு மேல் மணல் சுடும். ஷோவுக்கு முன்னால் நான்கு குடம் தண்ணீர் தெளிக்க வேண்டும், நெருஞ்சி முள் பொறுக்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் இரண்டு ஷோவும் குதித்துத்தான் ஆக வேண்டுமா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். நல்ல குழுவில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வேடம் தெரிந்திருக்கும், மாற்றிக்கொள்வார்கள்.

தங்குமிடம் பெரும்பாலும் கல்யாண மண்டபம், சில ஊரில் பள்ளி வகுப்பறை, எப்போதாவது லாட்ஜ். என்னோடு வந்த பெண்கள் விட்டுக்கொடுக்காத மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்: உள்ளே தாழிடக்கூடிய தனி அறை, வெளிச்சமுள்ள கழிப்பறை, ராத்திரி ஒன்பதுக்கு மேல் புது ஊரில் போய் இறங்காமல் இருப்பது. மூன்றும் நியாயம். ஏற்பாட்டாளராக நான் இவற்றுக்காகப் பயணத் திட்டத்தையே மாற்றியிருக்கிறேன். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற குழு என்றால் போக வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்திலும் நம்மேல் நாமே போட்டுக்கொள்ள வேண்டிய கட்டுப்பாடு உண்டு. எந்தக் குழந்தையோடும் தனி அறையில் இருக்கக் கூடாது. உடை மாற்றும் இடம் பிள்ளைகள் நடமாடும் பக்கம் இருக்கக் கூடாது. பள்ளி அனுமதி இல்லாமல் முகம் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போடக் கூடாது. மேடைக்குக் கூப்பிடும் குழந்தை வர மறுத்தால் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இதெல்லாம் யாரையும் சந்தேகப்படுவதற்காக அல்ல. நாம் காலையில் வந்து மாலையில் போய்விடுகிறவர்கள், பிள்ளைகள் நம்மை உடனே நம்பிவிடுகிறார்கள். அதனால்.

ஆறு மாதம் என்பது காலண்டரில் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்து பத்துப் பதினைந்து நாள் போகும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். கடலூர், நாகப்பட்டினம் பக்கம் நவம்பரில் திட்டம் போடவே கூடாது என்பது என் அனுபவம். காலை ஆறு மணிக்குக் கலெக்டர் விடுமுறை அறிவிப்பார், நாம் நாலரைக்கே கிளம்பி நடுவழியில் டீக்கடையில் நிற்போம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஆக, ஆறு மாதம் என்று சொன்னாலும் உண்மையில் நடிக்கிற நாட்கள் குறைவு. சம்பளம் ஷோவுக்கா, மாதத்துக்கா? மழையால் ஷோ நின்றால் பேட்டா உண்டா? வேனில் போகிற நாளுக்கு உண்டா? உடம்பு சரியில்லாமல் படுத்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? எழுத்தில் வாங்குங்கள். நான் ஒரு வருடம் வாய்ப்பேச்சை நம்பிப் போய், நவம்பர் முழுக்க ஒரு மண்டபத்தில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, கைக்காசில் சாப்பிட்டேன்.

வேனுக்குள் சண்டை வரும். ஜன்னல் சீட், குறட்டை, போனில் சத்தமாகப் பாட்டு என்று சின்ன விஷயத்தில்தான் வரும். நாற்பதாவது ஷோ வாக்கில் வரும், எல்லாக் குழுவிலும் அந்தக் கட்டத்தில்தான் வருகிறது. எங்களுக்கு உதவிய ஒரு விதி: வேனுக்குள் யாரும் யாருடைய நடிப்பையும் பற்றிக் குறை சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியதை மறுநாள் காலை ஒத்திகையின்போது சொல்லலாம். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் பாதிக் குறை சொல்லத் தேவையில்லாமல் போய்விடும்.

அதே நாற்பதாவது ஷோவில்தான் வசனம் வாயிலிருந்து தானாக வர ஆரம்பிக்கும். மனம் சாயங்காலம் துவைக்க வேண்டிய துணியைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும். பெரியவர்கள் அதைக் கண்டுபிடிக்க மாட்டார்கள், குழந்தைகள் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துப் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ள ஆரம்பிப்பார்கள். நமக்கு எழுபதாவது ஷோவாக இருக்கும். எதிரில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் முதல் நாடகம். எனக்குக் கைகொடுத்த வழி, ஒவ்வொரு ஊரிலும் ஷோவுக்கு முன்னால் நான்கு பிள்ளைகளிடம் பேசி அந்த ஊரின் குளத்துக்கோ மலைக்கோ பேருந்துக்கோ என்ன பெயர் என்று கேட்டு, அதை அன்றைய வசனத்தில் ஒரு இடத்தில் வைப்பது. அந்தப் பெயரைச் சொல்லும் இடம் வரும்வரை நானும் விழிப்பாக இருப்பேன். பேச்சு வழக்கை மட்டும் நடிக்க முயலாதீர்கள். நெல்லைப் பேச்சைப் பொய்யாகப் பேசினால் நெல்லைக் குழந்தைக்கு உடனே தெரிந்துவிடும்.

ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் அதிகம். அங்கே வசனத்தைப் பாதியாக்கிவிட்டு உடம்பாலும் தாளத்தாலும் கதை சொன்னோம், நாடகம் இன்னும் நன்றாக இருந்தது. காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் பறையை மரத்தளத்துக்குப் பக்கத்தில் வைத்து அடித்தோம். அவர்கள் உள்ளங்கையைத் தரையில் வைத்து அதிர்வைக் கேட்டார்கள். முடிந்ததும் இரண்டு கையையும் மேலே தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அவர்களுடைய கைதட்டல் அதுதான்.

இந்த ஊர் சுற்றலுக்கு நம்மிடம் நீண்ட மரபு உண்டு, அதையும் தெரிந்துகொண்டு போங்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடக சபை தொடங்கினார். பின்னாளில் அவ்வை சண்முகம் என்று பெயர்பெற்ற நடிகர் தி.க. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. பாய்ஸ் கம்பெனிகள் என்று சொல்லப்பட்ட இந்தச் சிறுவர் நாடகக் குழுக்கள் ஒரு ஊரில் கொட்டகை போட்டு வாரக்கணக்கில் நடத்திவிட்டு, காட்சித் திரைகளோடு ரயிலேறி அடுத்த ஊருக்குப் போகும். பையன்கள் கம்பெனி வீட்டில் தூங்கி, அங்கேயே பாட்டும் வசனமும் கற்றார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அப்படி வளர்ந்தவர்கள்தான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்று வரைக்கும் நாயகி வேடம் போட்ட பையனுக்கு இன்று வேடம் இருக்காது. அந்தக் கலைமேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் வீட்டைப் பிரிந்த அந்தச் சின்னப் பையன்களை நினைத்தால் மனம் கனக்கிறது. நாடகம் குழந்தைகளிடம் உழைப்பை வாங்கிய காலம் அது. இப்போது பெரியவர்கள் உழைக்கிறோம், குழந்தைகள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இந்த மாற்றம் எனக்கு ரொம்ப முக்கியம்.

அப்புறம் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் கலைக்குழுக்கள் பாட்டோடும் நாடகத்தோடும் கிராமம் கிராமமாகப் போயின. இன்றைக்குப் பள்ளி நாடகம் நடத்தும் பலருக்கு அதுதான் பள்ளிக்கூடம். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லித்தந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்துக்காகக் கலைக்குழுக்கள் மறுபடி தெருவுக்கு வந்தது அப்போதுதான். நானும் அந்தச் சமயம் போனேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட்டமாக உட்கார்ந்து ஒன்றைப் பார்ப்பதே புதிதாக இருந்தது. பக்கத்துக் குழந்தை சிரித்தால் இந்தக் குழந்தை திரும்பி அதன் முகத்தைப் பார்க்கும், அப்புறம்தான் சிரிக்கும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்களைக் கூப்பிட்ட குழுவின் ஷோ ஒன்றை ஏதாவது ஒரு பள்ளியில் போய்ப் பாருங்கள். ஒன்பதரைக்குப் போகாமல் எட்டு மணிக்கே போங்கள். வேனிலிருந்து இறங்கியதும் யாராவது நிழலைப் பார்க்கிறார்களா, தரையில் முள் பொறுக்குகிறார்களா, சமையல் அம்மாவுக்கு வணக்கம் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். ஷோ முடிந்த பிறகும் கிளம்பாதீர்கள். அவர்கள் பொம்மைகளைப் பெட்டிக்குள் எப்படி வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.